கைமாறி வந்த சவரக்கத்தி

கல்லணைக்குக் கிழக்கே கடல்வரையில் காவிரிப் படுகையில் ஒரு பாறையைக் காண்பது அரிது. ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து பரப்பிய வண்டலும் மணலும் களியுமே இந்நிலம். தஞ்சைப் பெரியகோயிலின் கருங்கல் அனைத்தும் வெளியிலிருந்து வந்தது என்று எல்லாரும் வியந்து சொல்வர். வயலில் இறங்கும் கொழுவும், கதிரறுக்கும் கருக்கரிவாளும், முகம் மழிக்கும் கத்தியும், அவற்றைத் தீட்டும் கல்லும்கூட அவ்வாறு வெளியிலிருந்து வந்தவையே. அதை யாரும் சொல்வதில்லை. இரும்பு விளையாத இந்நாடு இரும்பைத் தின்பதில் மட்டும் குறைவைத்ததில்லை. நெற்பயிரின் தாளிலும் தோகையிலும் மணலின் கூறாகிய சிலிக்கா செறிந்திருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி என்று அறுக்க அறுக்க அது அரிவாளின் பல்லைத் தேய்த்துவிடும். ஆதலால் டெல்டாவின் சிற்றூர்தோறும் தேய்ந்த இரும்பு சேர்கிறது; சேர்ந்தது பழைய இரும்புக் கடைக்கு வருகிறது.

அத்தகைய கடைகளில் எப்போதேனும் ஒரு மடக்குச் சவரக்கத்தி தலைகாட்டும். கும்பகோணத்துக் கடை ஒன்றில் கொழுக்களுக்கும் உடைந்த நீரிறைப்பிக் குழாய்களுக்கும் இடையில் நான் கண்டது அவற்றுள் ஒன்று. கருநிறப் பிடி, பிடியை இணைத்த பித்தளை ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, அலகின் முதுகு தடித்து, இரு பக்கமும் குழிவாகக் கடையப்பட்டு, வாய்ப்புறம் தாள்போல் மெலிந்திருந்தது. கழுத்துப் பகுதியில் ஷெஃபீல்டு என்ற இங்கிலாந்து ஊரின் பெயர் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. செய்தவர் பெயர் துருவில் அழிந்துவிட்டது. கடைக்காரர் அதைக் கையில் கொடுத்துவிட்டு, "அலமாரியில வைக்கிறதுன்னா வாங்கிக்குங்க சார். மூஞ்சில மட்டும் வெச்சிடாதீங்க, துரு பட்டா செப்டிக் ஆயிடும்" என்றார்.

அக்கறையோடு சொன்ன சொல். ஊரெங்கும் நம்பப்படுவதும் அதுவே. ஆனால் அச்சத்தை வைக்க வேண்டிய இடம் துரு அன்று. கத்தியைப் பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு விடை காண அந்த எஃகையும், அதன் வாயையும், அது கிடந்த இடத்தையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

முதலில் எஃகு. இரும்பில் கரிமம் நூற்றில் ஒரு பங்கு அளவில் கலந்தால் அது சவரக்கத்திக்கு ஏற்ற எஃகாகிறது. அதை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்தால், வெளியேற நேரமின்றிக் கரிமம் இரும்பணுக்களின் அடுக்கினுள்ளே சிக்கிக்கொள்கிறது. அந்நெருக்கடியால் அடுக்கே திரிந்து மார்ட்டன்சைட்டு என்னும் மிகக் கடிய அமைப்பாக மாறும். அது கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையுடையது. எனவே 200 பாகையை ஒட்டி மீண்டும் இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்துவர். கொல்லர்கள் இதனை நிறத்தால் அறிவர். மெருகிட்ட எஃகின்மேல் வைக்கோல் நிறம் படர்ந்தால் கூர்வாய்க்கு ஏற்ற பதம். நீலம் படர்ந்தால் சூடு 300 பாகையை நெருங்கிவிட்டது, அது சுருள்வில்லுக்கு ஆகும், சவரக்கத்திக்கு ஆகாது.

இவ்வெஃகுக்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவு நெடியது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் அகழ்ந்த கொடுமணல், காவிரியின் துணையாறாகிய நொய்யலின் கரையில் உள்ளது. அங்கு இரும்பு உருக்கிய உலைகளும் எஃகு செய்ததற்கான மண்மூசைகளும் கிடைத்தன. இரும்புத் துண்டுகளோடு ஆவாரஞ்செடியின் உலர்ந்த கட்டையையும் பச்சிலையையும் மூசையிலிட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, நெடுநேரம் ஊதி உருக்குவது பிற்காலம்வரை சேலம், தென்னார்க்காட்டுப் பகுதிகளில் வழங்கிய முறை. இவ்வகை எஃகு 1790-களில் இலண்டன் அரச கழகத்தின் ஆய்வுக்குச் சென்றது. அறுவைக் கருவி செய்வதில் பெயர்பெற்ற இலண்டன் கத்திக் கொல்லர் சேம்சு சுடோடார்ட்டு அதைப் போற்றிக் கையாண்டார். அவரோடு கூடி இந்திய எஃகை ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. மின்காந்தத் தூண்டலைக் கண்டறிவதற்குப் பத்தாண்டு முன்னர் அவர் உலைக்களத்தில் நின்று எஃகோடு வெள்ளியையும் உரோடியத்தையும் பிளாட்டினத்தையும் கலந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1820, 1822 ஆம் ஆண்டுகளில் அவ்வாய்வுகள் வெளிவந்தன. அக்கலவைகளால் சவரக்கத்திகள் செய்து நண்பர்களுக்குப் பரிசளித்தார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்பில் காணும் இனிய செய்தி. இந்தியக் கொல்லரின் எஃகு எழுப்பிய வினாவுக்கு விடை தேடியவர் கையில் விளைந்த பயன் ஒரு மழிகத்தி!

ஷெஃபீல்டு முத்திரைக்கும் காவிரிக்கும் இதனினும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. சோசையா மார்சல் ஈத்து என்னும் கும்பினி அலுவலர் 1830 வாக்கில் கொள்ளிடத்துக்கு வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்தில் உள்ள பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமம் பரிசல்களில் ஆற்றுவழி இறங்கி அங்கு வந்தது. விறகுக்கரியால் உருக்கிய அவ்விரும்பு ஷெஃபீல்டுக்குக் கப்பலேறியது. ஆலை நிலைக்கவில்லை, ஆனால் ஈத்து கற்றது நிலைத்தது. இங்கிலாந்து திரும்பிய அவர், உருகும் எஃகில் சிறிது மாங்கனீசு சேர்த்தால் அது தீய உயிர்வளியையும் கந்தகத்தையும் பற்றிக்கொள்ளும் என்றும், மட்டமான உள்நாட்டு இரும்பிலிருந்தும் நல்ல எஃகு பெறலாம் என்றும் கண்டு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலையினர் அவர் சொன்ன கலவைப் பொருளை வாங்காமல், அதன் கூறுகளைத் தனித்தனியே மூசையில் இட்டு உரிமைத்தொகையைத் தவிர்த்தனர். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே ஈத்து மறைந்தார். 1855-இல் பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராக முடித்தது. அக்காப்புரிமைக்குப் பின் வார்த்த எஃகால் செய்த ஷெஃபீல்டுக் கத்திகளில் மாங்கனீசின் சுவடு இருக்கும். கும்பகோணத்துக் குவியலில் கிடந்ததும் அவ்வழியில் வந்ததாகவே இருக்கக் கூடும். செருமனியின் சோலிங்கன் முத்திரை இருந்தாலும் வாங்கத் தக்கதே. அவ்வூர்ப் பெயரை அங்குச் செய்த தரமான கருவிகளுக்கு மட்டுமே இடலாம் என்று 1938 முதல் சட்டமே உண்டு.

முத்திரை நல்லதென்றால் எஃகு நல்லதாய் இருந்தது என்றுதான் பொருள். இன்று எப்படி இருக்கிறது என்பதை வாய்தான் சொல்ல வேண்டும்.

தீட்டிய சவரக்கத்தியின் வாய்விளிம்பு ஒரு மைக்ரோமீட்டரிலும் குறைந்த தடிப்புடையது. அதாவது ஒரு மயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழ். இரு பக்கச் சரிவுகளும் கூடும் கோணம் ஏறத்தாழ 17 பாகை. சமையலறைக் கத்திக்கு இதனினும் இருமடங்கு கோணம் இருக்கும். இத்துணைக் கூரிய எஃகு, தன்னினும் ஐம்பது மடங்கு மென்மையான மயிரிடம் தோற்று மழுங்குவது ஏன்? நெடுங்காலம் தேய்மானம் என்றே சொல்லிவந்தனர். மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தார் மின்னணு நுண்ணோக்கியின் அடியிலேயே மயிரை மழித்துப் பார்த்து 2020-இல் வேறு விடை தந்தனர். மயிர் செங்குத்தாக வெட்டுப்படும்போது வாய்க்குப் பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. மயிர் வளைந்து, ஒருபுறமாகச் சாய்ந்து விளிம்பை நெருக்கும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில் நுண்ணிய சில்லு பெயர்கிறது. ஒரு சில்லு பெயர்ந்த இடத்தில் அடுத்தது எளிதில் பெயரும். மயிரை நனைத்துக்கொள்ளச் சொல்லும் பழைய அறிவுரையின் பொருள் இதிலிருந்து விளங்கும். மயிரின் கெரட்டின் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை நீரை உறிஞ்சிக்கொள்ள வல்லது. ஊறிய மயிர் எளிதில் அறுபடும், கத்தியை எதிர்த்து நெருக்காது. மூன்று நிமிடம் வெந்நீர் ஒற்றடம் கொடுத்துவிட்டுக் கத்தி எடுத்த பழைய முடிதிருத்துநர் மின்னணு நுண்ணோக்கி காணாமலே இதை அறிந்திருந்தார்.

எனவே பழங்கத்தியில் தேட வேண்டியது சீரின்மை. துருவிலும் இரண்டு உண்டு. முதுகிலும் அலகின் நடுவிலும் செம்பழுப்பாய்ப் படிந்திருப்பது மேற்றுரு. நுண்ணிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் அகலும், அகலாவிட்டாலும் கேடில்லை. கரும்புள்ளியாய் உள்ளிறங்கியது குழித்துரு. அது வாயிலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருந்தால், தீட்டத் தீட்ட வாய் பின்வாங்கி ஒரு நாள் அக்குழியைச் சேரும். அன்று விளிம்பு சில்லாய் உதிரும். அதைக் காண உருப்பெருக்கி ஒன்று போதும். அலகை விளக்கை நோக்கி நிமிர்த்தி, வாயை மேலாகப் பிடித்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாருங்கள். கூரிய வாய் ஒளியைத் திருப்பாது, கண்ணுக்கே தெரியாது. வெள்ளிக் கோடாக மின்னினால் மழுங்கியது. புள்ளி புள்ளியாக மின்னினால் சில்லு பெயர்ந்தது. இவ்விரண்டும் தீட்டினால் தீரும். வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழைபோல் ஒரு கோடு ஏறினால் அது வெடிப்பு. வெடிப்புக்கு மருந்தில்லை, விலை பேசாமல் எழுந்து வருவது நல்லது.

முதுகையும் பார்க்க வேண்டும். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிவதால்தான் அந்த 17 பாகை தானே அமைகிறது. எந்த அளவுகோலும் வேண்டாத அழகிய ஏற்பாடு அது. முன்னர் வைத்திருந்தவர் முரட்டுக் கல்லில் அழுத்தித் தேய்த்திருந்தால் முதுகில் அகன்ற தட்டை விழுந்திருக்கும், கோணமும் குலைந்திருக்கும்.

பிடியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. எருமைக் கொம்பாக இருந்தால் அரிப்புண்டதா என்று மட்டும் பார்த்தால் போதும். தந்தமாக இருந்தால் அறிவியலுக்குமுன் சட்டம் வந்து நிற்கும். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் யானைத் தந்தத்தை விற்பதையும் வாங்குவதையும் தடுக்கின்றன. ஐயமிருந்தால் கை வைக்காதீர்கள். மிகுதியாகக் காணப்படுவது செல்லுலாய்டு. விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் சூடத்தின் மணம் வரும். அதை இளக்கச் சேர்த்த பொருள் அதுவே. செல்லுலாய்டு வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதையும். சிதையும்போது நைட்ரசன் ஆக்சைடு வளிகளை விடும். அவை காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகி, பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் அலகை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீடுகளின் அலமாரிக்குள் நிகழ்வது இதுதான். நான் கண்ட கத்தியில் ஆணிகளைச் சுற்றியிருந்த பச்சைக் களிம்பும், பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு செறிந்திருந்ததும் இதையே காட்டின. இத்தகைய பிடியைக் கழற்றி எறிந்துவிட்டு மரப்பிடி போடலாம். தச்சர் அரைநாளில் செய்துகொடுப்பார்.

இனி, கடைக்காரர் சொன்ன "செப்டிக்".

துரு என்பது இரும்பும் உயிர்வளியும் நீரும் கூடிய சேர்மம். அதில் நோய் இல்லை. மக்கள் இரணசன்னி என்று அஞ்சும் இசிவுநோய்க்குக் காரணம் கிளாசுட்ரிடியம் டெட்டனி என்னும் நுண்ணுயிர். அது மண்ணிலும் கால்நடைச் சாணத்திலும் சிதல்களாக ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத ஆழ்ந்த புண் கிடைத்தால் விழித்து நஞ்சைச் சுரக்கும். துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதாலும் ஆழமாகக் குத்துவதாலும் பழி துருவின்மேல் விழுந்தது. சவரக்கத்தியின் கீறல் ஆழமற்றது. ஆயினும் நெல்வயலில் எருவும் சேறும் குழம்பிய மண்ணோடு வந்த கொழுவின் பக்கத்தில் அந்தக் கத்தி கிடந்தது என்பதை மறக்கலாகாது. அலமாரியில் இருந்த கத்தியைவிடக் கடைக் குவியலில் கிடந்த கத்திக்கே தூய்மையாக்கம் மிகுதியாக வேண்டும்.

முன்னர் வைத்திருந்தவரின் குருதியிலிருந்து ஏதேனும் தொற்றுமா? கல்லீரல் அழற்சி பி தீநுண்மி உலர்ந்த குருதியில் ஏழு நாளேனும் வீரியத்தோடு இருக்கும். சி வகை, ஆய்வகச் சூழலில் சில கிழமைகள்வரை தாங்கியிருக்கிறது. எச்.ஐ.வி. உடலுக்கு வெளியே விரைவில் ஆற்றல் இழக்கும். பல்லாண்டு பூட்டிக் கிடந்த கத்தியில் இவை எவையும் உயிர்த்திருக்க வழியில்லை. சென்ற கிழமைவரை யாரோ மழித்துக்கொண்டிருந்த கத்தி என்றால் நிலைமை வேறு. ஆகவே கத்தியின் வயதைவிட, கடைசியாக எப்போது முகத்தில் பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஒரே கத்தி பல முகங்களில் படுவது இங்கு நெடுங்கால வழக்கம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் பணியாளர் பட்டியலில் நாவிதர்க்கும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. பிற்காலத்திலும் களத்தில் நெல்லளந்து பெற்று வீடுவீடாகச் சென்று மழித்தவர் அவரே. கட்டியைக் கீறியவரும் அவரே. அவர் இல்லத்துப் பெண்கள் பேறு பார்த்தனர். ஊரின் அறுவை மருத்துவம் அவருடைய தோல்பைக்குள் இருந்தது. யார் முகத்தில் அக்கத்தி படலாம், யார் முகத்தில் படலாகாது என்று ஊரார் வகுத்த விலக்குகள் பிறப்பை நோக்கினவே அன்றிக் குருதியை நோக்கவில்லை. விலக்கப்பட்டவர்க்கு மழிக்க மறுத்த கத்தி, விலக்கியவர் தெருவில் ஒரே நாளில் பத்து முகங்களைக் கண்டது. நோய் பரப்ப அதனினும் ஏற்ற முறையை வகுப்பது கடினம்.

இம்முறை மாறியது அண்மையில்தான். இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனீதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் மேற்கொண்ட ஆய்வில் கண்டறியப்பட்டது. அதன்பின் எழுந்த விழிப்புணர்வில் மடக்குக் கத்திகள் கடைகளிலிருந்து மறைந்தன; பிளேடு மாற்றும் கத்தி வந்தது. இன்று வைத்தீசுவரன்கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ முடியிறக்கும் இடத்தில் நின்று பாருங்கள். தாளுறை பிரிக்காமலே பிளேடை நடுவில் ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகி, அடுத்த தலைக்கு மறுபாதி. அந்தச் "சட்" என்ற ஒலி ஒரு பொதுநலத் திட்டத்தின் ஒலி. பழைய கத்திகள் எடைக்கு வந்தது அதனால்தான்.

வாங்கிய கத்தியை என்ன செய்வது? தீயில் காட்டித் தூய்மையாக்கலாம் என்று எண்ணுவோர் பலர். மெல்லிய வாய் கண்ணிமைக்குமுன் நீலநிறச் சூட்டை எட்டிப் பதம் இழக்கும். பின்னர் எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வெளுப்புக் கரைசல் எஃகை அரிக்கும். சாராயக் கரைசல் தீநுண்மிகளைக் கொல்லும், சிதல்களைக் கொல்லாது. கொதிநீரும் சிதல்களை முழுதாக அழிக்கும் என்று நம்ப முடியாது. அழுத்தத்தில் 121 பாகை நீராவி அழிக்கும். அச்சூடு எஃகின் பதச்சூட்டுக்கு மிகக் கீழானது, ஆதலால் கூர் கெடாது. பிடியைக் கழற்றி, அலகைச் சோப்பு நீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, தெரிந்த மருத்துவரிடமோ பல் மருத்துவரிடமோ கொடுத்து அவர்தம் அழுத்தக் கலத்தில் ஒருமுறை இடச் செய்வதே நான் பரிந்துரைக்கும் வழி. வீட்டுக் குக்கரும் ஏறத்தாழ அவ்வெப்பத்தை எட்டும்; ஆனால் எட்டியது என்று உறுதி சொல்ல அதில் கருவி இல்லை. செல்லுலாய்டுப் பிடியோடு எதிலும் இடாதீர்கள், அது எளிதில் தீப்பற்றும். வந்தவுடன் உலர்த்தி எண்ணெய் பூசாவிட்டால் ஒரே இரவில் புதுத்துரு ஏறும்.

தீட்டுவதற்கு மிதிவண்டிச் சக்கரத்தில் சாணை சுற்றி வருபவரை அழைக்காதீர்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கும் அவர் வேண்டும். அரக்கில் குருந்தக்கல் பொடி சேர்த்து இறுக்கிய பழைய சாணையும், அதன் இடத்துக்கு வந்த கார்போரண்டச் சாணையும் உலர்ந்து சுழன்று பொறி பறக்கச் சூடேற்றுபவை. சவரக்கத்திக்கு நீர் தெளித்த தட்டைக் கல் வேண்டும். பரும எண் 1000 அளவில் தொடங்கி 8000-க்கு மேல் முடிக்க வேண்டும். முதுகும் வாயும் ஒருங்கே படிய, வாய் முன்செல்ல, கையின் எடைகூட அழுந்தாமல் தள்ள வேண்டும். அதன்பின் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுப்பது கல் விட்ட பிசிறுகளை நேராக்கி மெருகேற்றும். தோல்வாரில் வாயை முன்செலுத்தினால் தோலும் போகும், கூரும் போகும்.

இத்தனைக்கும் பின்னர் அக்கத்தியை நான் பயன்படுத்துவேனா என்றால், ஆம். குழித்துரு வாயை எட்டாமலும் வெடிப்பு இல்லாமலும் இருந்தால், பிடியை மாற்றி, கலத்தில் இட்டு, நீர்க்கல்லில் தீட்டி, என் முகத்துக்கு மட்டும் பயன்படுத்துவேன். "மட்டும்" என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. மகனுக்கும் தராத கத்தி அது. இசிவுநோய்த் தடுப்பூசி பத்தாண்டுக்குள் போட்டிருக்க வேண்டும். கல்லீரல் அழற்சி பி தடுப்பூசியும் இருந்தால் நன்று. குருதி உறையாமைக்கு மருந்து உண்பவரும், நீரிழிவால் புண் ஆறத் தாமதிப்பவரும், கை நடுங்குபவரும், கத்தி எவ்வளவு நன்றாயிருந்தாலும் இதில் இறங்க வேண்டா. அவர்களுக்குக் கடையில் விற்கும் காப்புச் சவரக்கருவியே தக்கது.